கணக்கைக் காக்க யு.பி.எஸ்., கடையைக் காக்க இன்வெர்ட்டர்



மளிகை மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். அரிசி, பருப்பு, மிளகாய் பற்றி எழுதச் சொன்னால் தயங்காமல் எழுதுவேன். மின்சாரத்தைப் பற்றி எழுதும் அளவுக்குப் படித்தவன் அல்ல. ஆனாலும் மின்சாரத்தால் ஒருமுறை நஷ்டப்பட்டு, அதன்பின் விசாரித்து விசாரித்துத் தெரிந்துகொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கடையிலோ வீட்டிலோ கம்ப்யூட்டர் வைத்துக் கணக்கு எழுதும் ஒவ்வொருவருக்கும் இது பயன்படும்.

2012-ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு என்றால், மற்ற மாவட்டங்களில் பல இடங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல். ஒரு மணி நேரம் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு வீடு தறி. கைத்தறிக்கு மின்சாரம் வேண்டாம், ஆனால் ஜரிகை பார்த்து நெய்ய வெளிச்சம் வேண்டும். தெருவே இருட்டில் உட்கார்ந்திருந்த காலம் அது.

அப்போது நான் கடைக்கு ஓர் இன்வெர்ட்டர் வாங்கினேன். விற்றவர், "இது ஒன்றே போதும், விளக்கு, விசிறி, கம்ப்யூட்டர் எல்லாம் ஓடும்" என்றார். ஓடத்தான் ஓடியது. ஆனால் மின்சாரம் போகும்போது சில நேரம் கம்ப்யூட்டர் ஒரு கணம் அணைந்து, தானாகவே மீண்டும் துவங்கும். "கண் சிமிட்டுகிறது, அவ்வளவுதானே" என்று விட்டுவிட்டேன். ஒரு நாளில் நாலு தடவை, ஐந்து தடவை இப்படி நடந்தது. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை மாலை, பில் பதிந்துகொண்டிருந்த நேரத்தில் அதேபோல் சிமிட்டியது. மறுபடி திறந்தால் கணக்கு திறக்கவில்லை. ஆள் வந்து பார்த்தார். "ஃபைல் கெட்டுவிட்டது, பழைய பிரதி இருந்தால் கொடுங்கள்" என்றார். என்னிடம் இருந்த பிரதி ஆடி மாதத்தது. மூன்று மாதக் கடன் கணக்கு போயிற்று.

என்னிடம் சரக்கு எடுக்கும் சிறு கடைகள் நூற்றுக்கு மேல். பேரேட்டு நோட்டு எழுதுவதை அதற்கு முந்தைய ஆண்டுதான் நிறுத்தியிருந்தேன். தீபாவளிச் சரக்கு கொடுக்கும் நேரத்தில், யார் எவ்வளவு தரவேண்டும் என்று எனக்கே தெரியாது. கடை கடையாகப் போய், "உங்கள் கணக்கில் என்ன பாக்கி என்று நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டேன். தெருக் கோடியில் பெட்டிக்கடை வைத்திருந்த ஓர் அம்மாள் காலண்டர் தாள்களின் பின்புறம் எழுதி வைத்திருந்தார். நான் நினைத்திருந்ததைவிட அவர் காட்டிய பாக்கி கூடுதல். "எழுதி வெச்சதுதானே அண்ணே கணக்கு" என்றார். இன்னும் சிலர், "போன வாரமே கொடுத்துவிட்டேனே" என்றார்கள். இல்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. கொடுத்திருக்கவும் கூடும். அந்தத் தீபாவளியில் எனக்கு அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் கை நஷ்டம். அதைவிட, சில பேரோடு இருந்த பழைய உறவில் விழுந்த கீறல் பெரிது.

என் தவறு என்ன? இரண்டு வேலைக்கு ஒரு கருவி போதும் என்று நம்பியதுதான்.

யு.பி.எஸ். வேறு, இன்வெர்ட்டர் வேறு

இரண்டிலும் பேட்டரி இருக்கிறது, இரண்டும் மின்சாரம் போனால் கொடுக்கிறது. ஆனால் வேலை வேறு.

இன்வெர்ட்டரின் வேலை நீண்ட நேரம் கொடுப்பது. மின்சாரம் நின்றதை உணர்ந்து பேட்டரிக்கு மாற அது சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். ஒரு விநாடியை நூறு பங்காக்கினால் அதில் இரண்டு, மூன்று பங்கு நேரம். விளக்குக்கும் விசிறிக்கும் இது ஒன்றுமே இல்லை. ஆனால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மின்பெட்டி, மின்சாரம் இல்லாமல் தாக்குப்பிடிப்பது ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு நேரம்தான். ஆகவே சில சமயம் தப்பிக்கும், சில சமயம் அணைந்துவிடும். நாம் எழுதிக்கொண்டிருக்கும் கணக்கு பாதி எழுதியபடி நிற்கும். என் கடையில் நடந்தது இதுவே.

யு.பி.எஸ்.ஸின் வேலை இடைவெளி தெரியாமல் மாறுவது. நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் மாறிவிடும். ஆனால் அதன் பேட்டரி சிறியது. பத்து, பதினைந்து நிமிடம் கொடுக்கும். அதற்குள் பில்லை முடித்து, கணக்கைச் சேமித்து, முறைப்படி கம்ப்யூட்டரை நிறுத்த வேண்டும். அதற்காகத்தான் அது உண்டாக்கப்பட்டது.

ஆகவே யு.பி.எஸ். கணக்கைக் காப்பது, இன்வெர்ட்டர் கடையைத் திறந்து வைப்பது. இரண்டும் வேண்டுமென்றால் இன்வெர்ட்டர் லைனில் யு.பி.எஸ்.ஸைச் செருகி, யு.பி.எஸ்.ஸில் கம்ப்யூட்டரைச் செருக வேண்டும். இன்வெர்ட்டர் மாறும் அந்தச் சிறு நேரத்தை யு.பி.எஸ். தாங்கிக்கொள்ளும். மீதி நேரத்தை இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும்.

இப்போது வரும் சில இன்வெர்ட்டர்களில் 'யு.பி.எஸ். மோட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டால் வேகமாக மாறும். ஆனால் அந்த நிலையில், வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் பேட்டரிக்குப் போய்விடும். மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் இதனால் பேட்டரி வீணாகத் தேயும். ஒரே கம்ப்யூட்டர், நல்ல வோல்டேஜ் என்றால் இது போதலாம். கடன் கணக்கு முழுவதும் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது என்றால் தனி யு.பி.எஸ். வைப்பதே நல்லது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

கடைக்குப் போய், "ஒரு கம்ப்யூட்டருக்கு ஏற்ற மாதிரி கொடுங்கள்" என்று கேட்கக் கூடாது. நாம் முதலில் ஒரு தாளில் எழுத வேண்டும். ஒவ்வொரு கருவியின் பின்புறமும் எத்தனை வாட் என்று போட்டிருக்கும். என் கடைக் கணக்கை உதாரணமாகத் தருகிறேன்.

கம்ப்யூட்டரும் திரையும் 120 வாட். பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டர் 30. இணைய ரூட்டர் 10. கேமராப் பெட்டி, கேமராக்களோடு 30. இவை கணமும் நிற்கக் கூடாதவை. மொத்தம் 190 வாட்.

எல்.இ.டி. குழல் விளக்கு இரண்டு, 40 வாட். விசிறி ஒன்று, 75 வாட். இவை ஒரு கணம் நின்றால் பரவாயில்லை. மொத்தம் 115 வாட். இரண்டும் சேர்ந்து 305 வாட்.

எலக்ட்ரானிக் தராசைச் சேர்க்கவில்லை. பெரும்பாலான தராசுகளில் உள்ளேயே சிறு பேட்டரி இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் யு.பி.எஸ். பெட்டியில் 600 வி.ஏ. என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். வி.ஏ. வேறு, வாட் வேறு. மூட்டையின் மொத்த எடைக்கும் நிகர எடைக்கும் உள்ள வித்தியாசம் போன்றது. சிறிய யு.பி.எஸ்.களில் வி.ஏ.யில் ஆறு பங்கே வாட்டாகக் கிடைக்கும். 600 வி.ஏ. என்றால் 360 வாட். என் 190 வாட்டுக்கு இது தாராளம். எப்போதும் தேவைக்கு மேல் கால் பங்காவது கூடுதலாக இருக்கட்டும். பெட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில் வாட் போட்டிருக்கும். அதைப் படித்து வாங்குங்கள்.

அதற்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏ.ஹெச். பேட்டரி. பெருக்கினால் 84. அதாவது 84 வாட்டை ஒரு மணி நேரம் கொடுக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. 190 வாட்டுக்கு அரை மணி நேரம் வரவேண்டும் போலத் தோன்றும். வராது. வேகமாக இறக்கினால் பேட்டரி தன் முழு அளவைத் தராது. பத்து, பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இன்வெர்ட்டர் பேட்டரி. 12 வோல்ட், 150 ஏ.ஹெச். என்றால் பெருக்க 1,800. இதிலும் முழுவதும் கைக்கு வராது. கடைசி வரை இறக்கினால் பேட்டரி சீக்கிரம் சாகும். மாற்றும்போது கொஞ்சம் சேதாரமும் உண்டு. நூற்றுக்கு அறுபது என்று வைத்தால் 1,080. இதை 305 வாட்டால் வகுத்தால் மூன்றரை மணி நேரம்.

காலை 9 மணிக்கு நிறுத்தி மாலை வரை பராமரிப்பு வேலை செய்யும் நாளுக்கு எட்டு மணி நேரம் வேண்டுமானால் என்ன செய்வது? பேட்டரியை இரண்டாக்கினால் 2,160 கிடைக்கும். ஏழு மணி நேரம். 75 வாட் விசிறியை எடுத்துவிட்டு 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி போட்டால் மொத்தம் 260 வாட். இப்போது எட்டு மணி நேரம் தாண்டுகிறது. பேட்டரி வாங்கும் முன் செலவைக் குறைக்க வழி பாருங்கள் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு பேட்டரி இன்வெர்ட்டர் 12 வோல்ட். இரண்டு பேட்டரி இன்வெர்ட்டர் 24 வோல்ட். இன்று ஒன்று வாங்கி, நாளைக்கு இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் மெஷினையே மாற்ற வேண்டி வரும். முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

அதே நேரத்தில், 2012-ஐ நினைத்துப் பயந்து இன்று பெரிதாக வாங்கவும் வேண்டாம். அன்றைய அறிவிக்கப்பட்ட நீண்ட மின்வெட்டு இன்று இல்லை. இன்று வருவது பராமரிப்பு நாள், மழைக்காலத்து நிறுத்தம், டிரான்ஸ்ஃபார்மர் பழுது. உங்கள் தெருவில் சென்ற ஆறு மாதத்தில் எத்தனை முறை, எவ்வளவு நேரம் நின்றது என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான சிறு கடைகளுக்கு ஒரு யு.பி.எஸ்.ஸும், ஒரே பேட்டரி இன்வெர்ட்டரும் போதுமானது. போனில் பில் போடும் பெட்டிக்கடைக்கு ரூட்டருக்கான சின்ன பேட்டரிப் பெட்டியும் ஒரு எமர்ஜென்ஸி விளக்குமே போதும்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

சைன் வேவ் இன்வெர்ட்டரா என்று கேளுங்கள். மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் விசிறி இரைச்சலிடும். அதைவிட முக்கியம், சில யு.பி.எஸ்.கள் அந்த மின்சாரத்தை மின்சாரமாகவே ஏற்காது. இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்க, யு.பி.எஸ். தன் பேட்டரியில் ஓடி, கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். என் முதல் இன்வெர்ட்டர் இந்த வகைதான்.

யு.பி.எஸ். 'லைன் இன்டராக்டிவ்' வகையா என்று கேளுங்கள். இதில் ஸ்டெபிலைசர் போன்ற அமைப்பு உள்ளேயே இருப்பதால், வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் பேட்டரியைத் தொடாமல் சமாளிக்கும். 'ஆஃப்லைன்' வகை விலை குறைவு, ஆனால் வோல்டேஜ் தொல்லை உள்ள தெருவுக்கு ஆகாது. 'ஆன்லைன்' வகை மாறும் நேரமே இல்லாதது. விலை அதிகம். பல கம்ப்யூட்டர்களை இணைத்து நடத்தும் பெரிய நிறுவனத்துக்கு வேண்டியது, நமக்கு அல்ல.

பேட்டரியின் ஏ.ஹெச். எந்தக் கணக்கில் என்று பாருங்கள். சி20 என்றால் 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு. சி10 என்றால் 10 மணி நேரத்தில் இறக்கினாலே கிடைக்கும் அளவு. இரண்டிலும் 150 என்றுதான் இருக்கும், ஆனால் சி10 பேட்டரியில் சரக்கு கூடுதல். விலை ஒப்பிடும்போது இதைப் பார்க்காவிட்டால் படி அளவு தெரியாமல் அரிசி வாங்கிய கதைதான்.

தயாரித்த மாதத்தைப் பாருங்கள். கடையில் பல மாதம் கிடந்த பேட்டரி நமக்கு வரும்போதே களைத்திருக்கும். வாரண்டி கார்டில் '36+24' என்று இருந்தால், முதல் 36 மாதம் பழுதானால் இலவச மாற்று, அடுத்த 24 மாதம் விலையில் ஒரு பங்கு தள்ளுபடி மட்டுமே என்று பொருள். 60 மாதமும் இலவசம் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. கார்டில் தேதியும் முத்திரையும் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

லித்தியம் பேட்டரி வந்திருக்கிறது. தண்ணீர் ஊற்ற வேண்டாம், எடை குறைவு, சீக்கிரம் ஏறும், ஆயுள் பலமடங்கு. முதல் விலைதான் கூடுதல். தினமும் மின்சாரம் போகும் இடத்துக்கும், இடம் குறைந்த கடைக்கும் யோசிக்கலாம். மாதத்தில் இரண்டு முறை போகும் இடத்துக்கு டியூபுலர் பேட்டரியே போதும்.

எதைச் செருகக் கூடாது

லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் செருகாதீர்கள். உள்ளே சூடேற்றும் உருளை ஒரு கணம் பல நூறு வாட் இழுக்கும். யு.பி.எஸ். விழுந்துவிடும், கூடவே கம்ப்யூட்டரும். ஐஸ்கிரீம் ஃப்ரீசர் கிளம்பும்போது தன் அளவைப்போல் பல மடங்கு இழுக்கும். அதைச் சிறு இன்வெர்ட்டரில் போடக் கூடாது. கதவைத் திறக்காமல் மூடியே வைத்தால் சில மணி நேரம் குளிர் நிற்கும். கடையும் வீடும் ஒன்றாக இருக்கும் நம் போன்றவர்கள் வயரிங் செய்யும்போதே இன்வெர்ட்டர் லைனைத் தனியாகப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே யாரோ மிக்ஸியையோ இஸ்திரிப் பெட்டியையோ போட, வெளியே பில் நின்றுபோகும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு சொல். கடைக்குள்ளோ மூடிய அறையிலோ ஓட்டாதீர்கள், அதன் புகை ஆளைக் கொல்லும். மாற்று சுவிட்ச் இல்லாமல் வீட்டு லைனில் இணைக்காதீர்கள். அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பி, கம்பத்தில் ஏறி வேலை செய்யும் மின்வாரிய ஊழியரின் உயிரை எடுத்துவிடும்.

மளிகைக் கடையில் எங்கே வைப்பது?

பேட்டரி சார்ஜ் ஆகும்போது எரியக்கூடிய வாயு வரும். ஆகவே கற்பூரம், தீப்பெட்டி, எண்ணெய் டின் அருகில் வைக்கக் கூடாது. காற்றோட்டம் வேண்டும். டீத்தூள், மிளகாய், மாவு மூட்டைகளை அதன்மேல் அடுக்கக் கூடாது. சரக்கும் கெடும், சாக்குத்தூசியும் மாவும் இன்வெர்ட்டரின் காற்றுத்துளையை அடைக்கும். எலி வயரைக் கடிக்காமல் குழாய்க்குள் விடுங்கள். வெயில் படும் சுவரோரம் வேண்டாம். சூடு 10 டிகிரி கூடினால் பேட்டரி ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் துறையில் சொல்லும் கணக்கு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள்.

டியூபுலர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய் நீர், கேன் நீர் கூடாது. மிதவை கீழே இறங்கினால் ஊற்றுங்கள், அதிகம் ஊற்றினால் ஆசிட் வழியும். என் கடையில் மாதம் ஒருமுறை அமாவாசைப் பூஜைக்கு முன் மிதவையைப் பார்த்து, மெயினை நிறுத்தி, யு.பி.எஸ். எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்போம். பத்து நிமிடம் ஐந்தானால் பேட்டரி மாற்றும் காலம் வந்துவிட்டது. யு.பி.எஸ். பேட்டரி பொதுவாக இரண்டு, மூன்று ஆண்டுதான்.

பழைய பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டு வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்துபவர் அதைத் தனியே வைத்து, சேகரிக்க உரிமை உள்ளவரிடம் சேர்க்க வேண்டும். புதிது வாங்கும் கடையில் கொடுத்தால் ஈயத்தின் மதிப்பை விலையில் கழிப்பார்கள். ஆசிட்டும் சாக்கடையில் போகாது.

எந்தக் கருவியும் போதாத நாள்

2016 நவம்பர் 8 இரவு பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. கையில் நோட்டு இல்லாமல் பலரும் கார்டு மெஷினை நம்பத் தொடங்கினோம். டிசம்பர் 12-இல் வர்தா புயல். சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான கம்பங்கள் சாய்ந்தன. பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, போன் கோபுரமும் இல்லை. நோட்டும் இல்லை, மெஷினும் இல்லை. அப்போது வியாபாரம் நடந்தது கடன் நோட்டில்தான். நம் கடையில் மின்சாரம் இருந்து மட்டும் பயனில்லை, இணையம் கொடுப்பவர் பக்கத்திலும் இருக்க வேண்டும் என்பதை அன்று தெரிந்துகொண்டோம்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு கணக்கு முழுவதும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. லாரி கிளம்ப இ-வே பில் வேண்டும். ஆகவே யு.பி.எஸ். வாங்குவதோடு நிற்காமல், தினமும் கடை மூடும்போது கணக்கின் பிரதியை பென்டிரைவில் எடுங்கள். இரண்டு பென்டிரைவ் வைத்து மாற்றி மாற்றி எடுங்கள். ஒன்று கடையில் இருக்கக் கூடாது, வீட்டுக்குப் போக வேண்டும். இணையத்திலும் ஒரு பிரதி இருந்தால் இன்னும் நல்லது.

நான் இன்னொன்றும் செய்கிறேன். சனிக்கிழமை இரவு, பாக்கி உள்ளவர் பெயரும் தொகையும் மட்டும் ஒரு நோட்டில் கையால் எழுதுகிறேன். அரை மணி நேர வேலை. என் மகன் சிரிக்கிறான். அந்தப் பெட்டிக்கடையை இப்போது அந்த அம்மாளின் மருமகள் நடத்துகிறார். போனில்தான் பணம் அனுப்புகிறார். ஆனாலும் அனுப்பிவிட்டு, "நோட்டுல ஏத்திட்டீங்களா?" என்று கேட்காமல் வைப்பதில்லை. அவர் கேட்பதுதான் சரி.

எனக்கு வந்த நஷ்டம் எனக்கு மட்டும் போதும். இந்த இதழை மூடி வைக்கும் முன், உங்கள் கடைக் கருவிகளின் வாட்டை ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை மணி நேரம் வேண்டும் என்று பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.